இரவில் இறங்காத பிரஷர், சிறுநீரகம், இதயச் செயலிழப்பு: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கிட்னி கொஞ்சம் குறைவாக வேலை செய்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். மருந்தின் பெயரும் அளவும் வருகிற இடங்கள் உங்கள் மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்காகத்தான். அதைப் படித்துவிட்டு நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பகலில் பார்க்கும்போதெல்லாம் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது. இரவில் எவ்வளவு இருந்தால் என்ன?

தூங்கும்போது ரத்த அழுத்தம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும். மேல் அளவின் பகல் சராசரி 138, இரவு சராசரி 118 என்றால் 20 புள்ளி இறக்கம், அதாவது 14.5 சதவீதம், நல்லது. அதே 138 இரவில் 132-தான் என்றால் இறக்கம் 4 சதவீதம் சொச்சம். பகலில் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவருக்கு இந்த இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். சிலருக்கு இறங்காததோடு இரவில் ஏறவும் செய்யும். அதிகம் கவலைப்பட வேண்டியது இவர்களைப் பற்றித்தான்.

ஸ்வீடனின் உப்சாலாவில் 951 முதிய ஆண்களைச் சுமார் 9 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். இரவு அழுத்தம் பகலுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைச் சரியாகச் செலுத்த முடியாமல் போவது. ஜப்பானில் 6,359 பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்விலும் இரவில் ஏறுகிறவர்களுக்கு இதயச் செயலிழப்பு கூடுதலாகவே வந்தது.

சிறுநீரகத்துக்கும் இரவு பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

உப்புதான் சம்பந்தம். நல்ல சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப உடம்புக்கே அனுப்பிவிடுகின்றன. உண்ட உப்பில் மிச்சத்தைப் பகலிலேயே பெரும்பாலும் வெளியேற்றிவிடுவதால் இரவில் அவற்றுக்கு அழுத்தம் தேவைப்படுவதில்லை. வடிகட்டும் அலகுகள் குறைந்துபோன சிறுநீரகத்தால் அதே உப்பைப் பகலுக்குள் தள்ள முடியாது. வந்த பச்சைத் தேயிலையைப் பகலில் அரைத்து முடிக்க முடியாத ஃபேக்டரி இரவு ஷிப்டும் ஓட்டுவதைப் போல, மிச்ச உப்பை வெளியேற்ற இரவிலும் அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருக்கிறது உடம்பு. இரவில் இறங்காத பிரஷரும், இரவில் அடிக்கடி சிறுநீர் போவதும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேறு காரணங்களும் உண்டு. பழுதான சிறுநீரகம் பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளைத் தேவைக்கு மேல் விடும்; நரம்பு மண்டலத்தை ஓயாமல் தூண்டும்; ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அவை விறைக்கும். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரவு இறக்கம் சரியாக இருப்பதில்லை. வடிகட்டும் திறன் குறையக் குறைய இது மோசமாகும். இரவெல்லாம் குறையாத அழுத்தம் திரும்பவும் சிறுநீரகத்தையே அடிக்கும் என்பதால், எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது பல சமயம் முடியாத காரியம்.

இதில் இதயம் எப்படி மாட்டிக்கொள்கிறது?

இடது கீழறை 24 மணி நேரமும் உயர் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது. ஓய்வு நேரம் இல்லை. தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விறைக்கிறது. விறைத்த அறை நிறைவதற்குச் சிரமப்படுகிறது. வெளியேற்ற முடியாத உப்பும் நீரும் ரத்தத்தின் அளவையும் கூட்டுகின்றன. நிறைய முடியாத அறைக்கு நிறைய ரத்தம் வந்து நின்றால் அது பின்னோக்கி நுரையீரலில் தேங்கும். படுத்தால் மூச்சுத் திணறுவது இதனால்தான். வலது பக்கமும் தேங்கத் தொடங்கினால் சிறுநீரகத்திலிருந்து திரும்பி வரும் சிரையில் அழுத்தம் ஏறி, வடிகட்டுவது மேலும் குறைகிறது.

எக்கோவில் இ.எஃப். 60 சதவீதம், நார்மல் என்றார்கள். அப்படியானால் ஹார்ட் ஃபெயிலியர் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இ.எஃப். என்பது அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கைத் தள்ளுகிறது என்ற கணக்கு. நன்றாகத் தள்ளி, நன்றாக நிறையாத இதயமும் செயலிழந்த இதயம்தான். பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தவர்களுக்கு இந்த வகை அதிகம். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். வரியோடு நிறுத்தாமல், இடது அறைச் சுவர் 11 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, நிறையும் அழுத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இதயம் சிரமப்படும்போது ரத்தத்தில் ஏறும் பொருளை அளக்கும் என்.டி. புரோ பி.என்.பி. ரத்தப் பரிசோதனையும் உதவும். ஆனால் சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு அந்த எண் இதயம் நன்றாக இருந்தாலும் ஏறியே நிற்கும். ஒரு தடவை வந்த எண்ணைவிட, முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு மாறியது என்பதுதான் பயன்படும்.

இரவு பிரஷரை எப்படித் தெரிந்துகொள்வது?

24 மணி நேரம் கையில் கட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறது. ஏ.பி.பி.எம். என்பார்கள். பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், இரவில் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு முறையும் தானாக அளக்கும். அதில் பார்க்க வேண்டிய எல்லைகள்: 24 மணி நேரச் சராசரி 130/80, பகல் 135/85, இரவு 120/70. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ உயர் அழுத்தம்.

கட்டிக்கொள்ளும் நாளில் செய்ய வேண்டியவை எளிதுதான், தப்பு நடப்பதும் இவற்றில்தான். அதிகம் பயன்படுத்தாத கையில் கட்டுங்கள். பட்டை இறுகத் தொடங்கியதும் கையை அசைக்காமல் தொங்கவிடுங்கள். அன்று குளியல் கிடையாது. இங்கே கூடுதலாக ஒரு சிக்கல்: குளிருக்கு மேலே மேலே போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் ரப்பர் குழாயை மடக்கிவிடும். அகலமான கை வைத்த ஒரே மேலாடை போதும். குழாயைக் கழுத்து வழியாக வெளியே எடுங்கள். இரவில் கனமான கம்பளிக்கு அடியில் குழாய் மடிந்து, அளவுகள் வரிசையாகப் பிழையாவதைப் பார்க்கலாம். மொத்த அளவுகளில் 70 சதவீதமாவது சரியாக வர வேண்டும். பகலில் 20, தூக்கத்தில் 7 அளவுகள் குறைந்தபட்சம் தேவை. இல்லையென்றால் மறுபடி செய்யச் சொல்லலாம்.

எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், மாத்திரை எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டை இறுகும் தொல்லையில் கண்ணே மூடவில்லை என்றால் அந்த இரவின் கணக்கை நம்பக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு முறை செய்தால் 'இறங்குகிறது', 'இறங்கவில்லை' என்ற பிரிவு மாறிவிடுவது சாதாரணம். எனவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வதைவிட, இரவுச் சராசரி 120/70-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். எனக்கு எது இரவு?

நீங்கள் தூங்கும் நேரம்தான் உங்களுக்கு இரவு. கருவியில் காலை 6, இரவு 10 என்று வழக்கமாகப் போட்டிருக்கும் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் வேலை நேர அளவுகள் இரவுக் கணக்கில் சேர்ந்து, இல்லாத நோயைக் காட்டும். ஷிப்ட் மாறிய முதல் இரண்டு மூன்று நாட்களில் இந்தச் சோதனையே வேண்டாம்.

அந்தக் கருவி பக்கத்தில் கிடைக்கவில்லை. வீட்டு மிஷினை வைத்து என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். மேல் கையில் கட்டும் தானியங்கி மிஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். மேல் கையின் நடுச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. என்றால் நடுத்தரப் பட்டை, அதற்கு மேல் என்றால் பெரியது. சின்னப் பட்டையைப் பருத்த கையில் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

தொடர்ந்து 7 நாள் காலையிலும் மாலையிலும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு எடுங்கள். காலையில் மாத்திரைக்கும் டீக்கும் முன், சிறுநீர் கழித்த பின் அளக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் வைத்து, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மற்ற 6 நாள் சராசரியைப் போடுங்கள். 135/85 வீட்டு எல்லை.

இது இரவைக் காட்டாது. ஆனாலும் எழுந்தவுடன் பார்க்கும் அளவு மாலை அளவைவிடத் தொடர்ந்து 15, 20 புள்ளி மேலே இருந்தால், இரவிலும் சரியாக இல்லை என்று சந்தேகப்படலாம். அந்தத் தாளைக் காட்டி 24 மணி நேரச் சோதனை கேட்கலாம்.

ஸ்வெட்டரைக் கழற்றாமல் பிரஷர் பார்க்கிறார்களே, பரவாயில்லையா?

மெல்லிய சட்டைக்கு மேல் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. தடித்த ஸ்வெட்டருக்கு மேல் வேண்டவே வேண்டாம். கைப்பகுதியை மேலே சுருட்டிவிடுவது அதைவிட மோசம்; அது கயிறு கட்டியது போல் இறுக்கும். ஒரு கையைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் போர்த்திக்கொள்ளுங்கள். வெளியே பனியில் நின்றுவிட்டு வந்தவர் அறைக்குள் 10 நிமிடமாவது உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் பிரஷர் ஏறுகிறது. மாத்திரை வேலை செய்யவில்லையா?

குளிரில் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கும், வியர்வை வழியே உப்பு போவதும் குறைந்துவிடும். எல்லா ஊரிலும் குளிர்காலத்தில் பிரஷர் சில புள்ளிகள் ஏறத்தான் செய்கிறது. தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழும் நாட்களில், விடியற்காலை கம்பளியை விட்டு எழுந்து வெளியே உள்ள கழிவறைக்குப் போவது இதயத்துக்குச் சட்டென்று விழும் சுமை. எழுந்ததும் கட்டில் ஓரம் இரண்டு நிமிடம் உட்காருங்கள். குல்லாயும் காலுறையும் போட்ட பிறகு வெளியே போங்கள். படுக்கையறையைச் சூடாக வைப்பது நல்லதுதான். அதற்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது உயிரையே எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குளிர்கால அளவைப் பார்த்துக் கூட்டிய மாத்திரையை ஏப்ரலில் மறுபடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஊட்டியின் உயரம் இதயத்துக்குக் கெடுதலா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850 சொச்சம், கூடலூர் அதிலும் கீழே. இங்கேயே வாழ்கிறவர்களுக்கு இந்த உயரம் பழகிப்போன ஒன்று. குளிரும் உப்பும் செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால் உயரத்தின் பங்கு சிறிது. இதயச் செயலிழப்பு கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவர் சமவெளியிலிருந்து இங்கே வருவது வேறு விஷயம். மருத்துவரைக் கேட்காமல் மலை ஏறக் கூடாது.

கிரியேட்டினின் 1.2. லேப் தாளில் நார்மல் என்றே இருக்கிறது. சந்தேகப்படலாமா?

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 1.2 உள்ள 30 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 83. அதே 1.2 உள்ள 60 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 52. அவருக்கு 3 மாதம் கழித்துப் பார்த்தும் 60-க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 45 முதல் 59 வரை 3-ஏ, 30 முதல் 44 வரை 3-பி, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, அதற்கும் கீழே ஐந்தாம் நிலை. தோட்டத்தில் ஆயுசெல்லாம் கொழுந்து பறித்து மெலிந்த உடம்புக்காரர்களுக்குத் தசை குறைவாக இருப்பதால், கிரியேட்டினின் உண்மையைவிட நல்லதாகவே காட்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை இருக்கிறது.

ரத்தத்தோடு சிறுநீரையும் பாருங்கள். ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் கசிவு கடுமையானது. காலையில் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உழைப்பு ஆகியவை பொய்யாக ஏற்றிக் காட்டும். அதனால் ஒரு முறை கூடுதலாக வந்தால் 3 மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருந்து ஆல்புமின் மட்டும் கசிகிறவருக்கும் இதய ஆபத்து கூடுதல்தான்.

எங்கள் வீட்டில் சிக்கிள் செல் இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்கள் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் இந்த ரத்தக் கோளாறு 1952-ல் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். சிக்கிள் செல் நோய் உள்ளவர்களின் பிரஷர் இயல்பாகவே மற்றவர்களைவிடக் குறைவு. அவர்களுக்கு 120/70 என்பதே ஏறிய அளவாக இருக்கலாம். கிரியேட்டினினும் குறைவாகக் காட்டும், 0.9 என்றிருந்தால்கூட அது அவருடைய பழைய அளவைவிடக் கூடுதலா என்று பார்க்க வேண்டும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் இளவயதிலேயே போய்விடுவதால் இரவில் சிறுநீர் போவது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர் ஆல்புமின் பார்ப்பது அவசியம். நீர் வெளியேற்றும் மாத்திரை எழுதும்போது சிக்கிள் செல் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பில் நீர் வற்றினால் வலி நெருக்கடி வரும்.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் போகிறேன். வயசா, கிட்னியா, இதயமா?

மூன்றும் இருக்கலாம், புரோஸ்டேட், சர்க்கரை, மாலையில் சாப்பிட்ட நீர் மாத்திரையும் இருக்கலாம். இரண்டு நாள் அளவுக் குவளையில் பிடித்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் புரோஸ்டேட் அல்லது சிறுநீர்ப்பை பக்கம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நிறையப் போய், நாள் முழுவதும் போகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போனால் உப்பு, சிறுநீரகம், இதயம், குறட்டை என்று தேட வேண்டும். பகலில் காலில் இறங்கிய நீர் படுத்ததும் மேலே ஏறி ரத்தத்தில் சேர்வதும் இப்படித்தான் வெளியே வரும்.

நீர் மாத்திரையைக் காலையிலும், இரண்டாவது வேளை இருந்தால் பிற்பகல் 4 மணிக்கு முன்பும் சாப்பிடுவது வழக்கம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கழிவறை வெளியே இருக்கும். காட்டுமாடும் கரடியும் நடமாடும் நேரத்தில் போகப் பயந்து அடக்கிக்கொள்கிறவர்கள் உண்டு, மாத்திரையையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மூடி போட்ட ஒரு வாளியை அறைக்குள் வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

பிரஷர் மாத்திரையை ராத்திரி சாப்பிட்டால் இரவு பிரஷர் இறங்கும் என்கிறார்களே?

2019-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு, படுக்கும்போது சாப்பிட்டால் இதய நோய் பெருமளவு குறையும் என்றது. அதன் நம்பகத்தன்மை பற்றிப் பல கேள்விகள் எழுந்தன. 2022-ல் பிரிட்டனில் 21,104 பேரை 5 ஆண்டுகளுக்கு மேல் பார்த்த ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் வித்தியாசமே இல்லை. எனவே உங்களுக்கு மறக்காமல் இருக்கும் நேரம் எதுவோ, அதுதான் நல்ல நேரம். இரவு சராசரி ஏறியிருக்கிறது என்று சோதனையில் தெரிந்தவருக்கு மருத்துவர் ஒரு மாத்திரையை இரவுக்கு மாற்றலாம். அது அவருக்கான முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது. இரவில் எழுந்து நடக்கும் முதியவர்களுக்குத் தலை சுற்றி விழும் ஆபத்து இருக்கிறது.

அப்படியானால் இரவு பிரஷரை எதுதான் இறக்கும்?

முதலில் உப்பைக் குறைப்பது, அடுத்து உப்பை வெளியேற்றும் மாத்திரை. இரண்டுமே இறங்காதவரை இறங்குகிறவராக மாற்றும் என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1990-களிலேயே காட்டினார்கள். சிறுநீரகம் நான்காம் நிலைக்குப் போனவர்களுக்கு குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை வேலை செய்யாது என்று நெடுநாள் நம்பினார்கள். 2021-ல் 160 பேரிடம் 12.5 மி.கி.யில் தொடங்கிப் பார்த்தபோது, 12 வாரத்தில் 24 மணி நேர மேல் அழுத்தம் சுமார் 11 புள்ளி இறங்கியது. பொட்டாசியம், சோடியம் குறைவதும் கிரியேட்டினின் ஏறுவதும் அதில் இருந்தன. ரத்தம் பார்க்காமல் கொடுக்கும் மருந்தல்ல அது.

ஆல்புமின் கசிந்தால் டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள்தான் அடிப்படைச் சிகிச்சை. தொடங்கி 2 முதல் 4 வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை; அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். முதலில் சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரைகள் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் தேவை. பட்டினி கிடக்கும் நாளிலும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் நிறுத்துவது பற்றிக் கேட்டுவையுங்கள். வாந்தி, பேதி கடுமையாக இருக்கும் நாட்களில் இவற்றையும் டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கணுக்கால் வீங்குவது அந்த மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். எடை ஏறாமல், மூச்சு வாங்காமல் கால் மட்டும் வீங்கினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எந்த அளவுக்கு இறக்குவது என்பதில் மருத்துவ அமைப்புகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே என்பது நியாயமான இலக்கு. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அந்த இலக்கை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு? வீட்டில் அளந்து சமைக்க முடியுமா?

எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். தினமும் அளக்க முடியாது. பாக்கெட்டைக் கணக்குப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் நாளைக்கு 20 கிராம் என்றால் 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். வெளியில் வாங்கும் உப்பும் இருப்பதால் உண்மையில் இரண்டு மாதமாவது வந்தால்தான் சரி. 25 நாளில் தீர்ந்தால் இரு மடங்கு சாப்பிடுகிறீர்கள். பாக்கெட்டின் மேல் தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள்.

சோற்றில் உப்புப் போட்டு வடிப்பதை முதலில் நிறுத்தலாம்; குழம்பு ஊற்றிய பிறகு நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் மிக்சர் ஆகியவைதான் பெரிய ஓட்டைகள். மாலை டீயோடு இரண்டு வர்க்கி என்பது இங்கே வழக்கம். வர்க்கி, பிஸ்கட், ரொட்டி எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது, இனிப்பு அதை மறைத்துவிடுகிறது. கல்லுப்பும் இந்துப்பும் சோடியத்தில் தூள் உப்புக்குச் சளைத்தவை அல்ல. சந்தேகம் தீர வேண்டுமானால் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்க்கலாம்: 85 மில்லிமோல் என்றால் 5 கிராம் உப்பு, 170 என்றால் 10 கிராம்.

'லோ சோடியம்' உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் குறைந்தவர், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் டெல்மிசார்டன் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர் அதைச் சேர்த்தால் இதயத் துடிப்பே நிற்கும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறலாம்.

கேரட், உருளை, பீட்ரூட் எல்லாம் நிறுத்த வேண்டுமா?

பொட்டாசியம் சரியாக இருந்தால் வேண்டாம். சிறுநீரகம் கெட்டது என்று கேள்விப்பட்டதுமே காய்கறியை விட்டுவிடுகிறவர்கள் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டு இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். பொட்டாசியம் 5.5-ஐ நெருங்கும்போது காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். கேரட் ஜூஸ், பீட்ரூட் ஜூஸ், இளநீர் மூன்றையும் தவிருங்கள்.

நட்சத்திரப் பழம் மட்டும் சிறுநீரக நோயாளிக்கு ஒரு துண்டுகூடக் கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் வெளியேறாமல் மூளைக்குப் போய், நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, சில சமயம் மரணம் வரை கொண்டுபோகும்.

டீ குடிக்கலாமா?

நாளைக்கு இரண்டு மூன்று கப் குடிக்கலாம், நீர்க் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு. தூக்கத்தைக் கெடுக்குமானால் மாலை 4-க்கு மேல் வேண்டாம்.

முட்டி வலி, இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோம்.

சரிவில் ஏறி இறங்கும் வேலைக்கு வலி வராமல் இருக்காது. ஆனால் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மூன்றும் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கும், உப்பைத் தேக்கும், பிரஷரை ஏற்றும், இருக்கும் இதயச் செயலிழப்பைக் கிளறிவிடும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். பாராசிட்டமால், தடவும் மருந்து, வெந்நீர் ஒத்தடம் போதுமா என்று முதலில் பாருங்கள்.

குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மூச்சு நின்று நின்று வரும் குறட்டைக்கு உண்டு. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் பிரஷர் எகிறும். மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் அடங்காதவர், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுகிறவர் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் படுப்பவர். குறட்டை விடுகிறவருக்குத் தெரியாது.

இதயச் செயலிழப்பு தொடங்குவதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை மிஷின் போதும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல் ஏறி நில்லுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முன்பு ஒரு தலையணையில் படுத்தவர் இப்போது மூன்று வைத்துக்கொள்கிறார், தூங்கி ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், வழக்கமாக ஏறும் மேட்டில் இரண்டு முறை நிற்கிறார், செருப்பு வார் கால் மேல் பள்ளம் பதிக்கிறது என்பவையும் அதே செய்திதான். குளிர்காலத்தில் வரும் இருமலைச் 'சளி' என்று விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் இருமலை அப்படி விடக் கூடாது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி, நெஞ்சு வலி, உதடு நீலமாவது, மயக்கம் வந்தால் உடனே 108. அது வரும்வரை கால்களைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், தண்ணீர் ஊட்டாதீர்கள்.

மழையில் ரோடு அடைபட்டால் மாத்திரைக்கு என்ன செய்வது?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மண்சரிவும் மரம் விழுவதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. ஜூன் முதல் டிசம்பர் வரை கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள் மாத்திரை அட்டை தீரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கிராமச் செவிலியரிடம் சொல்லிவையுங்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. மெட்டோபுரோலால், குளோனிடின் இரண்டும் அப்படிப்பட்டவை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் எச்சரிக்கை வந்ததுமே மையத்துக்குப் பேசி, முறையை ஒரு நாள் முன்னால் போட முடியுமா என்று கேளுங்கள். முடியாமல் இடைவெளி நீண்டால் நீரையும் உப்பையும் பழத்தையும் அன்றிலிருந்தே இறுக்குங்கள்.

கோடையில் பிள்ளை வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறோம். மாத்திரையை மாற்ற வேண்டுமா?

போவதற்கு முன்பே மாற்ற வேண்டாம். மலைக் குளிருக்குப் பொருத்தமான அளவு, சமவெளி வெயிலில் வியர்க்கும்போது கூடுதலாகிவிடலாம். போன மூன்றாம் நாளிலிருந்து உட்கார்ந்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வோர் அளவு எடுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 இறங்கினாலோ, 110-க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலோ மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் நீர் மாத்திரையைத்தான் முதலில் குறைப்பார்கள். திரும்பி மேலே வந்த முதல் வாரத்திலும் இதேபோல் பார்த்து, பழைய அளவுக்குப் போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.